முஸாபிர் சஹன்

ரத்தோட்டையைத் தாண்டிய வளைவில் பொலிஸ்காரர்கள் பஸ்ஸை மறித்து, பைகளைப் பிரித்துக் காட்டச் சொன்னார்கள். ராஜநாயகம் நெஞ்சில் தொங்கிய கமராப் பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, ஜன்னலுக்கு வெளியே மலையை ரசிப்பவராக உட்கார்ந்திருந்தார். எழுபத்து நாலாம் வருஷம் அது. இரண்டு கொத்துக்கு மேல் அரிசி கொண்டுபோகிறவன் கஞ்சா கொண்டுபோகிறவனைவிடப் பெரிய குற்றவாளி. முன் சீட்டில் இருந்த பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தியின் வயிற்றையே ஒரு பொலிஸ்காரர் சந்தேகமாகப் பார்த்துவிட்டு வந்தார். கமராப் பெட்டிக்கு முன்னால் மட்டும் அவருக்கு மரியாதை வந்தது. "மாத்தயாவுக்குப் பத்திரிகையில வேலையா?" என்று சிங்களத்தில் கேட்டார். ராஜநாயகம் திரும்பாமலே, "எழுதுறவன்" என்று அதே சிங்களத்தில் சொன்னார். பொலிஸ்காரர் படியில் கொஞ்சம் நிமிர்ந்தபடி இறங்கிப் போனார். பக்கத்தில் இருந்த மனைவி திரேசம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு இருமினாள். கல்யாணமான நாளிலிருந்து அவளுக்கு இருமல் வந்ததில்லை.

அந்தப் பெட்டிக்குள் கமரா இல்லை, அரிசி இருந்தது. கமரா மாத்தளையில் வீட்டு அலுமாரிக்குள் பத்திரமாக இருந்தது. நாட்டுக்குள் பிலிம் வருவது நின்று இரண்டு வருஷமாகிறது. பிலிம் இல்லாத கமராவைத் தூக்கிக்கொண்டு அலைவதில் அர்த்தமில்லை என்று திரேசம்மாவும், கமராப் பெட்டி இல்லாமல் ஓர் ஆய்வாளன் பயணம் போவதில் அர்த்தமில்லை என்று ராஜநாயகமும் முதல் நாள் வாதாடி, இருவருமே ஜெயித்தார்கள். வெள்ளிக்கிழமையில் ஹோட்டல்கள் சோறு போடக்கூடாது என்று அரசாங்க உத்தரவு. போகிற ஊரில் யாராவது ஓர் அடுப்பு கொடுத்தால் பொங்கிக்கொள்ளலாம் என்பது திரேசம்மாவின் திட்டம். அரிசிப் பையோடு போய் இறங்கினால் தன்னை எவன் மதிப்பான் என்பது அவருடைய கவலை. தோல் பெட்டி அரைக் கொத்துக்குக் கொஞ்சம் கூடவே பிடித்தது. சட்டத்துக்கு உட்பட்ட அளவுதான், மானத்துக்குத்தான் உட்படவில்லை.

ராஜநாயகம் பச்சைமலைத் தோட்டத்தில் பெரிய கிளாக்கராக இருந்து ஓய்வுபெற்றவர். தோட்டத்தில் அவருக்கு மேலே துரை, துரைக்கு மேலே கடவுள். கீழே எண்ணூறு பேர். மாத்தளையில் வீடு எடுத்து வந்த பிறகு கீழே மிஞ்சியது திரேசம்மா ஒருத்திதான், அவளும் பெரும்பாலும் கீழே இருப்பதில்லை. ஆகவே அவர் மாத்தளை மாவட்ட வரலாற்று ஆய்வு மன்றத்தை நிறுவினார். தலைவரும் செயலாளரும் அவரே. பொருளாளர் திரேசம்மா, அப்படியொரு பதவியில் தான் இருப்பது அவளுக்கு இன்றுவரை தெரியாது. மாவட்டத்தின் பழைய கோயில், விகாரை, பள்ளிவாசல் ஒவ்வொன்றையும் நேரில் பார்த்து ஞாயிறு பத்திரிகைக்கு எழுதுவது மன்றத்தின் நோக்கம். எழுதியவற்றில் ஒன்று, பெயர் மாறி, அச்சாகியும் இருக்கிறது.

மடிகேவத்தைப் பள்ளிவாசலைப் பற்றி அவருக்குச் சொன்னவர் ஸெய்னுலாப்தீன். அந்த ஊர்ப் பள்ளிக்கு மத்திச்சம், அதாவது பள்ளியின் நன்மை தின்மைக்கெல்லாம் பொறுப்பான பெரிய மனிதர். மாத்தளைக் கருவாட்டுக் கடையொன்றில் கருவாடு வரக் காத்திருந்த நேரத்தில் இருவரும் சந்தித்தார்கள். தாமரை செதுக்கிய மரத்தூண்கள் என்று அவர் சொன்னார். போட்டோவோடு பத்திரிகையில் வரும் என்று இவர் சொன்னார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பெரிய ஆள் என்று நினைத்துக்கொண்டு பிரிந்தார்கள். கருவாடு வரவில்லை.

லக்கல பஸ் அவர்களைச் சந்தியில் இறக்கிவிட்டது. அங்கிருந்து பாக்குத் தோட்டத்துக்குள் ஏறும் ஒற்றையடிப் பாதை. மத்திச்சம் துருக்கித் தொப்பியும் பட்டுச் சால்வையுமாக, ஊர் ஆண்கள் புடைசூழ எதிரே வந்தார். அவருக்குப் பின்னால் வெறும் சாரமும் பெனியனுமாக நின்றவர் ரவூப். பள்ளியில் பாங்கு சொல்கிற மோதினார். மத்திச்சத்துக்குச் சின்னம்மாவின் மகன், அதனால் அவரைக் கேலி செய்யப் பரம்பரை உரிமை பெற்றவர்.

"வெறும் பயணி நான். வழிப்போக்கனா வந்திருக்கேன்," என்றார் ராஜநாயகம், மாலையை எதிர்பார்க்கிறவரின் அடக்கத்தோடு.

"முஸாபிருக்குத்தான் எங்கட பள்ளியில மொத எடம்," என்று மத்திச்சம் அவர் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். வழிப்போக்கருக்கு அவர்கள் சொல்லும் பெயர் அது. அந்தச் சொல்லை அவர் சாதாரணமாகச் சொல்லவில்லை. நகையை எடுத்துக் காட்டுவதுபோல் சொன்னார்.

பள்ளிவாசல் மலைச் சரிவில் இரண்டு அடுக்கு ஓட்டுக்கூரையோடு பதுங்கி உட்கார்ந்திருந்தது. மினாரா கிடையாது. எட்டிப் பார்த்தால் முகம் தெரிகிற தண்ணீர்த் தொட்டி, தேய்ந்து நடுவில் குழிந்த கருங்கல் படிகள், சுற்றிலும் திறந்த வெளிப்பள்ளி. தூண்கள் எல்லாம் வெள்ளை வெளேரென்று இருந்தன. ராஜநாயகம் ஒரு தூணின் பக்கத்தில் போய்க் கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கினார்.

"முந்நூறு வருஷம்," என்றார் மத்திச்சம். "ராஜா காலத்துல உப்பும் கருவாடும் ஏத்திக்கிட்டு பொதிமாட்டுத் தவளம் கீழ்க்கரையில ஈந்து கண்டிக்குப் போன பாதை இது. தவளக்காரங்க ராத் தங்குன எடத்துல கட்டுன பள்ளி."

"போன மாசம் வந்தவருக்கு இருநூத்தம்பதுன்னு சென்னீங்க, நானா," என்று அண்ணனைத் திருத்தினார் ரவூப்.

"அவரு கோப்ரட்டிவ் மனேஜரு. இவரு ஆராய்ச்சிக்காரரு."

ராஜநாயகம் தூணை விரல் நகத்தால் சுரண்டினார். வெள்ளையாக உதிர்ந்தது. "தாமரை செதுக்கியிருக்குன்னு சொன்னீங்களே?"

"ஈக்குது. உள்ளுக்கு ஈக்குது. நீங்க போட்டோ புடிக்க வாறீங்கன்னு கேள்விப்பட்டு எல்லாத்தையும் சுண்ணாம்பால நெறப்பிட்டோம். பேப்பர்ல அழுக்காத் தெரியப்படாதே."

ஊர் ஆண்கள் பெருமையோடு தலையாட்டினார்கள். இரண்டு நாள் வேலை அது. தாமரை ஒவ்வொன்றாகத் தேடித் தேடி அடைத்திருந்தார்கள். ராஜநாயகம், சுண்ணாம்பு பூசும் வழக்கம் பற்றித் தனியாக ஒரு பந்தி எழுத வேண்டியிருக்கும் என்று நினைத்துக்கொண்டார். பிறகு, தூணின் உயரத்தைக் குடையால் அளந்து, மேற்கூரையைப் பார்த்து, ஆழ்ந்து யோசித்து, "நூத்தி அம்பதுக்கு மேல போகாது," என்று தீர்ப்புச் சொன்னார்.

மத்திச்சத்தின் சால்வை ஒரு பக்கம் சரிந்தது. ஆனால் கோபித்துக்கொள்ளவில்லை, வந்தவர் விருந்தாளி.

"தூண வுடுங்க, ஐயா. தூணு எல்லா ஊர்லயும் ஈக்கும். வாங்க," என்று அவரைப் பள்ளியின் பின்பக்கம் அழைத்துப் போனார். அங்கே ஒரு தாழ்வான கொட்டகை. கல்லடுப்பு மூன்று. அதில் ஒன்றின் மேல் ஒரு பெரிய செம்புக் கிடாரம், அடி நெளிந்து, ஈயம் பூசிப் பூசித் தடித்துப்போனது. "இதத்தான் நான் காட்ட வேண்டியது. தவளக்காரங்க வச்சிட்டுப் போன அடுப்பு. ஊர்ல அடுப்பு மூட்டுற ஒவ்வொரு பொம்புளையும் அரிசி களையுறதுக்கு முந்தி ஒரு பிடி எடுத்து இந்தப் பள்ளிக்கு வைக்கோணும். அந்தப் பிடி அரிசி முஸாபிருக்கு. வாப்பாட காலத்துலயும், அவருட வாப்பாட காலத்துலயும், வழியால வந்த ஒரு முஸாபிர் இந்த வாசல்ல ஈந்து பசியோட போனதில்ல. சாதி மதம் கேட்டதில்ல. கொலராக் காலத்துலயும் போனதில்ல. சப்பான்காரன் குண்டு போட்ட வருஷமும் போனதில்ல. எனக்கு வேற சொத்து இல்ல, ஐயா. நான் மௌத்தாப் போனா சனங்க செல்லோணும், ஸெய்னுலாப்தீண்ட காலத்துலயும் போகல்லன்னு. அவ்வளவுதான்."

அதுவரை அவர் குரலில் இருந்த துருக்கித் தொப்பி அந்த இடத்தில் காணாமல் போயிருந்தது. திரேசம்மா அதைக் கவனித்தாள். அடுப்புக்குப் பக்கத்தில் இருந்த பலாமரப் பெட்டியையும் கவனித்தாள். பிடி அரிசி போட்டு வைக்கிற பெட்டி. மூடி திறந்தே கிடந்தது. அடியில் கோழி ஒன்று அடைகாத்தது.

"சாப்பாட்டுக்கெல்லாம் சிரமப்படாதீங்க," என்றார் ராஜநாயகம் அவசரமாக. வரும் வழியில் வெளிப்பள்ளியில் விரித்திருந்த பாயையும் அதன் நடுவில் இருந்த பெரிய வட்டத் தட்டையும் பார்த்திருந்தார். சஹன் என்று பெயர். ஆறு பேர் சுற்றி உட்கார்ந்து ஒரே தட்டில் கைபோட்டுச் சாப்பிடுவார்கள் என்று கேள்விப்பட்டிருந்தார். தோட்டத்தில் முப்பத்தொரு வருஷம் அவர் மேசையில் அவருக்கென்று ஒரு பீங்கான் இருந்தது. அதில் திரேசம்மா கூடச் சாப்பிட்டதில்லை. "இன்னிக்கு வெள்ளிக்கிழமை வேற. நாங்க வேதக்காரங்க. மாமிசம் தொடுறதில்ல."

"அதுக்குக் கவலப்படாதீங்க, மாத்தயா," என்றார் ரவூப். "நாங்க நோம்புப் பெருநாள்ல ஈந்து தொடல்ல."

ஜும்ஆ தொழுகைக்கு ஆண்கள் உள்ளே போனார்கள். ராஜநாயகம் வெளிப்பள்ளியில் நாற்காலியில் உட்கார்ந்து கட்டுரையின் முதல் வரியை யோசித்தார். பசியில் இரண்டாம் வரி வரவில்லை.

திரேசம்மா கொட்டகைக்குப் போனாள். அங்கே மத்திச்சத்தின் மனைவி உம்மு குல்தூம் முக்காட்டை இழுத்துச் செருகிக்கொண்டு உலை மூட்டிக்கொண்டிருந்தாள். ஈர விறகு. புகைதான் வந்தது. திரேசம்மா ஊதுகுழலை வாங்கி, குந்தி உட்கார்ந்து, நாலே ஊதலில் பற்ற வைத்தாள். தோட்டக் கூலிகளின் லயத்தில் பிறந்து கிளாக்கர் பங்களாவுக்கு வாழ்க்கைப்பட்டவள் அவள். பங்களாவில் ஊதுகுழலைத் தொட விடவில்லை, ஆனாலும் வாய் மறக்கவில்லை.

ஒவ்வொரு வீட்டிலிருந்தும் பெண்கள் வந்துகொண்டிருந்தார்கள். யாரும் வெறுங்கையோடு வரவில்லை. கூப்பன் அரிசி ஒருத்தி கொண்டுவந்தாள். மங்கல் வெள்ளை, கல்லோடு. இன்னொருத்தியிடம் காடு வெட்டிப் போட்ட சேனையில் விளைந்த சிவப்பு. ஒருத்தி நொய்யும் ஒருத்தி குரக்கன் என்கிற கேழ்வரகும், ஒருத்தி உடைத்த பலாக்கொட்டையும். எல்லாம் ஒரு சுளகில் விழுந்தன, மரவள்ளிக் கிழங்கு மட்டும் அடுப்போரம் குவிந்தது. உம்மு குல்தூம் ஒவ்வொரு பிடியையும், அது நிறைந்த பிடியானாலும் பாதி மூடிய பிடியானாலும், ஒரே மாதிரி "பரக்கத்" என்று வாழ்த்தி வாங்கினாள். விரல்களுக்குள் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கவில்லை. பார்க்காமலிருப்பதற்காகக் கண்ணை அடுப்பிலேயே வைத்திருந்தாள்.

"ஒங்கட மாப்பிள நல்லாப் படிச்சவரு போல," என்றாள் திரேசம்மாவிடம்.

"படிச்சவருதான், அக்கா. கோபம் வந்தா இங்கிலீசு, பசி வந்தா மௌனம்."

"இப்ப எது?"

"மௌனம்."

உம்மு குல்தூம் சிரித்தாள். சுளகைச் சாய்த்துப் பார்த்தாள். சஹன் ஒன்று நிறையும். கிராமத்துப் பெரியவர்கள் நாலு பேரும் விருந்தாளியும் சாப்பிடலாம், விருந்தாளியின் மனைவிக்குத் தனியாகக் கொஞ்சம் எடுத்து வைக்கலாம். முகத்தில் தெரியாமல் ஒரு பெருமூச்சு விட்டாள். இந்தத் தடவையும் மானம் தப்பியது.

தொழுகை முடிந்தது. ஆண்கள் வெளியே வந்ததும் வீட்டுக்குப் போகாமல், யாரும் சொல்லாமலே பள்ளிப் படிகளில் வரிசையாக நின்றார்கள். உயரமானவர்கள் பின்னால், குள்ளர்கள் முன்னால். மத்திச்சம் நடுவில், சால்வையை மறுபடி மடித்துப் போட்டுக்கொண்டு. எல்லோரும் கமராப் பெட்டியைப் பார்த்தார்கள். ராஜநாயகம் வானத்தைப் பார்த்தார். "வெளிச்சம் சரியில்ல," என்றார். உச்சி வெயில் சுண்ணாம்புத் தூண்களில் பட்டுக் கண்ணைக் கூசவைத்தது. "ரொம்ப வெளிச்சமா இருந்தாலும் சரியில்லதான்," என்று தானே சேர்த்துக்கொண்டார். அவர்கள் வெளிச்சம் குறையும்வரை நிற்கத் தயாராக நின்றார்கள்.

அப்போதுதான் படிக்குக் கீழே ஒரு குடும்பம் வந்து நின்றது. ஓர் ஆள், பெண், இரண்டு சின்னப் பிள்ளைகள். ஆளின் தோளில் சாக்கு. சாக்கின் வாயில் ஒரு சட்டியின் விளிம்பும் அம்மிக் குழவியின் நுனியும் தெரிந்தன. குழவியையும் தூக்கிக்கொண்டு கிளம்புகிறவர்கள் திரும்பி வருவதாக இல்லை என்று பார்த்தவர்களுக்கெல்லாம் தெரியும். அந்த வருஷம் தோட்டங்களில் வேலையும் இல்லை, அரிசியும் இல்லை. இப்படிப் பலர் ரோட்டில் நடந்தார்கள்.

"சாமி, கொஞ்சம் தண்ணி," என்றான் அந்த ஆள். தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டான்.

"எங்கருந்து?" என்று மத்திச்சம் கேட்டார்.

"மேல தோட்டத்துலருந்துங்க. பழனிமுத்துன்னு பேரு. வில்கமுவப் பக்கம் சேனையில கூலி வேல இருக்குன்னாங்க. அங்க போறோம்."

வரிசையிலிருந்த யாரோ, "தண்ணியக் குடுத்து அனுப்பலாம், நானா. சோறு காணாது. பெரிய மனுசரு வந்தீக்காரு," என்று மெதுவாகச் சொன்னார்கள். மெதுவாகச் சொன்னாலும் எல்லோருக்கும் கேட்டது. மத்திச்சம் ராஜநாயகத்தைப் பார்த்தார், கமராப் பெட்டியைப் பார்த்தார். முந்நூறு வருஷமும் நூற்றைம்பது வருஷமும் அவர் தலைக்குள் ஒரு நிமிஷம் உருண்டிருக்க வேண்டும். பத்திரிகையில் வரப்போகிற நாள். ஊருக்கு ஒரு தடவை வரக்கூடிய நாள். பிறகு சால்வையை எடுத்துத் தோளிலிருந்து இறக்கி, தூணில் தொங்கவிட்டார்.

"வில்கமுவ எவ்வளவு தூரம்னு தெரியுமா? வெறும் வயித்தோட போய்ச் சேர மாட்டீங்க. கால் கையக் கழுவுங்க. ரவூப், பொம்புளைங்களுக்குச் செல்லு, நாலு முஸாபிர் கூட."

ரவூப் வந்து சொன்னபோது கிடாரத்தில் உலை கொதித்துக்கொண்டிருந்தது. உம்மு குல்தூம் சுளகைப் பார்த்தாள். "தண்ணி கூட வச்சுக் கஞ்சியாக் காச்சலாமா?" என்று ஒருத்தி கேட்டாள். "சஹன்ல கஞ்சி ஊத்தேலாது," என்றாள் உம்மு குல்தூம். "மரவள்ளிய இன்னும் வெட்டிப் போடுங்க." சொல்லிவிட்டு, சுளகைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள்.

திரேசம்மா எழுந்தாள். சேலையைத் தட்டிவிட்டு நேராக வெளிப்பள்ளிக்குப் போனாள்.

"அந்தப் பொட்டியக் குடுங்க."

"எதுக்கு?" என்றார் ராஜநாயகம்.

"பொம்பளைங்க பக்கம் வேண்டியிருக்கு."

"திரேசம்மா, இது விளையாட்டுச் சாமான் இல்ல."

"அதத்தான் நானும் சொல்றேன்," என்று அவர் கழுத்தைச் சுற்றியிருந்த வாரைக் கழற்றினாள். முப்பது ஆண்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இழுத்துப் பிடித்தால் மூடி திறந்துகொள்ளும். அவர் விட்டுவிட்டார்.

கொட்டகையில் பெண்கள் அவள் கமராவோடு வருவதைக் கண்டதும் முக்காட்டைச் சரி செய்தார்கள். இரண்டு பேர் சிரித்துக்கொண்டு கதவுக்குப் பின்னால் ஒளிந்தார்கள். ஒருத்தி புகை படிந்த முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து நின்றாள். திரேசம்மா பித்தளைக் கொளுக்கியைத் தட்டி மூடியைத் திறந்து காட்டினாள். கொஞ்ச நேரம் யாருக்கும் விளங்கவில்லை. பிறகு கதவுக்குப் பின்னால் தொடங்கிய சிரிப்பு கொட்டகை முழுக்கப் பரவி, ஓட்டைக் கிளப்புவதுபோல் எழுந்து வெளிப்பள்ளிவரை போனது.

உம்மு குல்தூமும் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். சிரித்து முடித்ததும், பெட்டியை ஒரு விரலால் தள்ளினாள். "மூடுங்க, தங்கச்சி. முஸாபிர்ட அரிசி இந்தக் கிடாரத்துல விழப்படாது. ஒருநாளும் விழுந்ததில்ல."

"அவரு முஸாபிரு. நானு?"

"நீங்களும்தான்."

"அடுப்பு மூட்டுன பொம்பள ஒரு பிடி வைக்கணும்னு ஒங்க வீட்டுக்காரரு சொன்னாரே. இந்த அடுப்ப மூட்டுனது யாரு?"

பெண்கள் உம்மு குல்தூமைப் பார்த்தார்கள். அவள் ஊதுகுழலைப் பார்த்தாள். நியாயம் எந்தப் பக்கம் என்பதில் சந்தேகமில்லை. அதை ஒத்துக்கொள்ளத்தான் கொஞ்சம் நேரம் எடுத்தது. இவ்வளவு இல்லாமையிலும் கொடுக்கிற இடத்திலிருந்து வாங்குகிற இடத்துக்கு இறங்க அவளுக்கு மனம் வரவில்லை. கடைசியில் சுளகை நீட்டினாள். "ஒரு பிடி. அதுக்கு மேல ஒரு மணி வேணாம்."

திரேசம்மா இரண்டு கையையும் பெட்டிக்குள் விட்டு அள்ளினாள்.

"ரெண்டு கையும் சேந்தா அது ஒரு பிடியா?"

"எங்க பக்கம் அப்படித்தான், அக்கா."

உம்மு குல்தூம் முகத்தைத் திருப்பி வாசல் பக்கம் பார்த்துக்கொண்டே, "பரக்கத்" என்றாள்.

மிச்சத்தை மூலையில் பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்த பழனிமுத்துவின் மனைவியின் முந்தானையில் திரேசம்மா கொட்டினாள். அது பள்ளிக்குப் போகும் அரிசி இல்லை என்பதால் அதை யாரும் தடுக்கவில்லை. அவள் முந்தானையை இறுக்கி முடிந்து, முடிச்சின் மேல் இன்னொரு முடிச்சுப் போட்டாள்.

வெளியே, சிரிப்புச் சத்தம் வந்ததிலிருந்து ராஜநாயகம் தூணோடு தூணாக வெளுத்து நின்றார். ரவூப் உள்ளே எட்டிப் பார்த்து விஷயத்தை அறிந்துகொண்டு வந்தார். ஊருக்கு முன்னால் சொன்னால் ஒரு வருஷத்துக்குப் போதுமான சிரிப்பு அது. ராஜநாயகம் அவர் வாயையே பார்த்தார். ரவூப் படியில் நின்றவர்களைப் பார்த்து, "கலைஞ்சு போங்க, காக்காமாரே. மாத்தயா செல்றது சரி. வெளிச்சம் சரியில்ல. அடுத்த தடவ வந்து புடிப்பாரு," என்றார். பிறகு ராஜநாயகத்திடம் குரலைத் தாழ்த்தி, "நாங்க தூணுக்குச் சுண்ணாம்பு அடிச்சோம். சமம்," என்றார்.

பழனிமுத்துவின் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் கொட்டகையில் எடுத்து வைத்த பிறகு சஹன் வந்தது. சிவப்பும் வெள்ளையும் கறுப்பும் மஞ்சளுமாக, மரவள்ளித் துண்டுகள் நீட்டிக்கொண்டு, ஆவி பறக்க. மேலே ஓலைத் தட்டு மூடி. பாயைச் சுற்றி மத்திச்சம், தொழுகை நடத்துகிற பள்ளி லெப்பை, ரவூப், ஊர்ப் பெரியவர் ஒருவர். முஸாபிர்களுக்கு இரண்டு இடம், பக்கத்துப் பக்கத்தில். சஹனில் எல்லோரும் உட்கார்ந்த பிறகுதான் மூடி திறக்கும். காலியான பிறகுதான் எழும்பலாம். அவ்வளவுதான் சட்டம்.

கைகால் கழுவிவிட்டு ஈரத்தோடு படியேறி வந்த பழனிமுத்து, தூணோரம் நின்ற ராஜநாயகத்தைக் கண்டு அப்படியே நின்றான். "கிளாக்கரையா," என்றான். கக்கத்துத் துண்டு மறுபடி இறுகியது. ராஜநாயகத்துக்கும் அவனைத் தெரிந்தது. பெயர் அல்ல, அந்த நிற்கிற விதம். ஒவ்வொரு மாதமும் அரிசி கொடுக்கிற நாளில் பச்சைமலைத் தோட்டக் கந்தோர் ஜன்னலுக்கு வெளியே அப்படி நின்ற எண்ணூறு பேரில் ஒருவன்.

"ஐயா சாப்பிடட்டுங்க. நான் பொறகு அந்தாண்ட ஒக்காந்து சாப்பிடுறேன்."

"பொறகுன்னு இங்க ஒண்ணு இல்ல. ஒரு சஹன்தான். ஒக்காருங்க," என்றார் மத்திச்சம்.

"ஐயா முன்னால எப்படிங்க."

"நீங்க ஒக்காரல்லன்னா மூடி தொறக்காது. மூடி தொறக்கல்லன்னா அவரும் பசியோட போவாரு. நானும் வாப்பாட மொகத்துல முழிக்கேலாது." மத்திச்சம் இதைப் பழனிமுத்துவைப் பார்த்துச் சொன்னாலும், கடைசியில் ராஜநாயகத்தைத்தான் பார்த்தார். கெஞ்சவில்லை. காத்திருந்தார். ஊரும் காத்திருந்தது. கொட்டகை ஜன்னலில் பெண்களின் முக்காடுகள் நெருங்கின.

தனக்குத் தனியாக ஒரு தட்டில் வைத்துத் தரச் சொல்லலாமா என்று ராஜநாயகம் நினைத்தார். சொல்வதற்கு வாக்கியமும் தயாராக இருந்தது. வயிற்றைப் பற்றியும் வைத்தியரைப் பற்றியும். ஜன்னலில் முக்காடு இல்லாத ஒரு முகம் தெரிந்தது. அதன் கழுத்தில் காலி கமராப் பெட்டி தொங்கியது. அவர் வாக்கியத்தை விழுங்கிவிட்டு, உட்கார முயன்றார். அதுவும் இலேசாக இல்லை. கால்சட்டை இறுக்கம். நாற்காலிகளில் முப்பத்தொரு வருஷம் மடங்கிய முழங்கால் தரைக்கு மடங்க மறுத்தது. பாதி இறங்கிய நிலையில் ஒரு கையால் காற்றைப் பிடித்தார். பழனிமுத்து பழக்கத்தில் பாய்ந்து அவர் முழங்கையைத் தாங்கினான். தாங்கிக்கொண்டே அவரோடு சேர்ந்து இறங்கினான். அவர் பாயில் சேர்ந்தபோது அவனும் பாயில் இருந்தான்.

அவன் எழும்புவதற்குள் மத்திச்சம் மூடியைத் தூக்கிவிட்டார். "பிஸ்மி," என்றார். லெப்பை கை வைத்தார். ரவூப் கை வைத்தார்.

மரவள்ளி மென்மையாக வெந்திருந்தது. குரக்கன் கொஞ்சம் அடிப்பிடித்திருந்தது. ராஜநாயகம் தன் பக்கத்தில், தனக்கு நேராக மட்டும், விரல் நுனியால் எடுத்து ஒழுங்காகச் சாப்பிட்டார். பழனிமுத்து அவரிடமிருந்து விலகி, மறுபக்க ஓரத்திலிருந்து எடுத்தான். வேகமாகச் சாப்பிடத் தொடங்கி, வெட்கப்பட்டு, மெதுவானான். மற்ற நாலு பேரும் தங்கள் பங்கைக் குறைத்துக்கொண்டே முடித்து, விரல்களைச் சும்மா தட்டில் வைத்திருந்தார்கள். தட்டின் செம்பு அங்கங்கே தெரிந்தது. இரண்டு முஸாபிர்களுக்கும் நடுவில் மட்டும், இருவரும் தொடாமல் விட்ட சோறு, வயல் வரப்புப்போல் நீளமாக நின்றது.

அதை முடிக்காமல் எழும்ப முடியாது. மத்திச்சம் தண்ணீர்ச் செம்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கூரையைப் பார்த்தார். ஜன்னலில் திரேசம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டாள். ராஜநாயகம் கையை நீட்டி, வரப்பின் தன் பக்கத்து ஓரத்தைத் தொட்டார். எடுக்கவில்லை. அதை அந்தப் பக்கமாக, மெல்ல, தள்ளினார். அதே நேரத்தில் அந்தப் பக்கத்திலிருந்து காப்புக் காய்த்த விரல்கள் அதை இந்தப் பக்கமாகத் தள்ளின.

இரண்டு கையும் தள்ள, வரப்பு நடுவில் கொஞ்சம் உயர்ந்தது.